காஷ்மீருக்கு ரயில் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 6-ஆம் தேதி காத்ரா–சங்கல்டான் பகுதி திறக்கப்பட்டதும், உதம்பூரிலிருந்து ஸ்ரீநகர் வழியாக பாராமுல்லா வரைக்குமான 272 கிலோமீட்டர் ரயில் பாதை முழுமையடைந்தது. அப்போதிலிருந்து அந்தப் பாதையிலுள்ள செனாப் பாலத்தின் படத்தைக் காட்டி ஆளுக்கொரு சந்தேகம் கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருவதால் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் பாலத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பாதையின் உண்மையான போராட்டம் சுரங்கங்களுக்குள் நடந்தது என்பது என் கட்சி. அது பதில்களிலும் தெரியும்.

ஊட்டிக்கு வெள்ளைக்காரன் காலத்துலயே ரயில் விட்டாச்சு. காஷ்மீருக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் ஓடியது, ஊட்டிக்கு 1908-இல். ஆனால் அது ஒரு மலையின் மேல் ஏறி அங்கேயே முடிந்துவிடும் பாதை. காஷ்மீருக்குப் போக சிவாலிக் குன்றுகளைத் தாண்டி, செனாப் ஆற்றின் ஆழமான பள்ளத்தைக் கடந்து, பீர் பஞ்சால் மலைத்தொடரை ஊடுருவி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இரண்டும் மலை ரயில்தான், வேலை வேறு.

வரலாறும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. ஜம்முவுக்கு 1890-லேயே ரயில் வந்தது, சியால்கோட் வழியாக. 1947-இல் சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போனது, ஜம்முவின் ரயிலும் அதோடு போனது. பதான்கோட் பக்கமிருந்து மறுபடி ஜம்முவைத் தொட 1972 ஆகிவிட்டது. ஜம்முவிலிருந்து உதம்பூர் வெறும் 53 கிலோமீட்டர். அதற்கு 1983-இல் அடிக்கல் நாட்டி 2005-இல் ரயில் விட்டார்கள். உதம்பூருக்கு அப்பால் உள்ள பகுதி 2002-இல் தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது.

80-க்கு 1 ஏற்றம்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

80 மீட்டர் தூரம் ஓடினால் 1 மீட்டர் உயரம் ஏறலாம் என்று அர்த்தம். இந்தப் பாதையின் மலைப் பகுதியான காத்ரா–பனிஹாலுக்கு வைத்த உச்ச வரம்பு இது. காரில் போகிறவருக்கு இது ஏற்றமாகவே தெரியாது. ரயிலுக்கு இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். வழுக்கலாக இருப்பதால்தான் குறைந்த சக்தியில் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்க முடிகிறது. அதே வழுக்கல்தான் மேடு வந்ததும் எதிரியாகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த விகிதத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏற 80 கிலோமீட்டர் பாதை வேண்டும். மும்பை–புனே வழியில் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே 37-க்கு 1 ஏற்றம் இருக்கிறது. அங்கே ரயில்களுக்குப் பின்னால் கூடுதல் இன்ஜின்களைக் கட்டித் தள்ளுகிறார்கள். அந்தத் தொல்லை இல்லாமல் சாதாரண ரயில் அதன் சொந்த இன்ஜினோடு போகட்டும் என்று முடிவு செய்தால், மலை தரும் இடத்தில் பாதை போட முடியாது. குழியில் பாலம், மேட்டில் சுரங்கம் என்று உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

அப்போ ஊட்டி ரயில் மாதிரி பல் சக்கரம் வெச்சிருக்கலாமே?

நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இரு தண்டவாளங்களுக்கு மத்தியில் பற்கள் கொண்ட இரும்புப் பட்டை ஓடுகிறது. இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அங்கே ஏற்றம் 12-க்கு 1. முந்தைய பதிலின் கணக்கில் 80 கிலோமீட்டர் தேவைப்பட்டது இங்கே 12 கிலோமீட்டரில் முடிந்துவிடும்.

விலை வேகத்தில் வசூலாகிறது. பல் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. நாலைந்து பெட்டியோடு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல அது சரி, அழகும்கூட. சிமெண்ட், பெட்ரோல், ராணுவத் தளவாடம், ஆப்பிள் எல்லாம் ஏற்ற வேண்டிய அகலப் பாதைக்கு அது உதவாது.

மேப்ல பார்த்தா கோணல் மாணலா போகுது. நேரா போட்டிருக்கக் கூடாதா?

இதைக் கேட்டவர்கள் பொறியாளர்களிலேயே உண்டு. இப்போதைய பாதை மலைச் சரிவுகளை ஒட்டியே வளைந்து போகிறது, நிலச்சரிவுக்கும் பூமிப் பிளவுகளுக்கும் பக்கத்திலேயே போகிறது, இதைவிடச் செங்குத்தான ஏற்றத்தை ஒப்புக்கொண்டு நீளமான சுரங்கங்களில் நேராகப் போயிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2008 வாக்கில் செனாப் பாலம் உட்பட சில பகுதிகளில் வேலை நின்று, மறு ஆய்வு நடந்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

கடைசியில் ஏற்கனவே வகுத்த பாதையே, அங்கங்கே மாற்றங்களோடு, நிலைத்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் சாரமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. 80-க்கு 1 என்ற வரம்பை ஒப்புக்கொண்ட நிமிஷமே பாதை நீளும், சுற்றும் என்பது முடிவாகிவிட்டது. மற்றதெல்லாம் அதன் விளைவு.

நடுவுல பாதையே இல்லாதப்போ ஸ்ரீநகர்ல 2008லயே ரயில் ஓடுச்சாமே, பெட்டி எப்படிப் போச்சு?

லாரியில் போனது. காஷ்மீர் பள்ளத்தாக்குக்குள் நிலம் சமதளம். சுரங்கம் கிடையாது, பெரிய பாலமும் இல்லை. அதனால் அங்கே வேலை முதலில் முடிந்தது. 2008 அக்டோபரில் அனந்த்நாக் பக்கம் ஆரம்பித்து, 2009 அக்டோபருக்குள் காசிகுண்ட்–பாராமுல்லா 118 கிலோமீட்டரும் திறந்துவிட்டது. நாட்டின் மற்ற ரயில் பாதை எதோடும் ஒட்டாமல், 2025 வரைக்கும் தனித் தீவாகவே ஓடியது.

பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் கட்டிய டீசல் ரயில் பெட்டிகளை நீளமான டிரெய்லர்களில் ஏற்றி மலைச் சாலையில் கொண்டுபோனார்கள். ரயில் பெட்டி கொண்டை ஊசி வளைவில் திரும்புவதை அந்தச் சாலையில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிறகு 2013-இல் பனிஹால்–காசிகுண்ட், 2014-இல் உதம்பூர்–காத்ரா, 2024 பிப்ரவரியில் பனிஹால்–சங்கல்டான் என்று துண்டு துண்டாகச் சேர்ந்து, கடைசித் துண்டான 63 கிலோமீட்டர் 2025-இல் இணைந்தது.

மொத்தம் எத்தனை சுரங்கம்? வெளிய எதாவது தெரியுமா இல்லையா?

272 கிலோமீட்டரில் 36 சுரங்கங்கள், சேர்த்தால் 119 கிலோமீட்டர். ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றும். பள்ளத்தாக்கை விட்டுவிட்டு காத்ரா–பனிஹால் 111 கிலோமீட்டரை மட்டும் எடுத்தால் சுமார் 97 கிலோமீட்டர் மலைக்குள்தான். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும். செனாப் பாலம் உள்ள ரியாசிப் பக்கம் கொஞ்ச நேரம் கண்ணைக் கூசவைக்கும் காட்சி, மறுபடி இருட்டு.

நீளமானது சும்பருக்கும் காரிக்கும் இடையில் உள்ள டி-50, 12.77 கிலோமீட்டர். அடுத்தது பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் நடுவே பீர் பஞ்சால் சுரங்கம், 11.2 கிலோமீட்டர். பழைய சாலை போகும் ஜவாஹர் சுரங்கத்துக்கு இது 440 மீட்டர் கீழே இருக்கிறது. மேலே பனி மூடிக்கிடக்கும் நாளிலும் கீழே ரயில் ஓட இதுதான் காரணம்.

சென்னை மெட்ரோவுக்கு ராட்சச மிஷின் இறக்கித் தோண்டினாங்களே, இங்கயும் அதையே விட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்காதா?

இமயமலை வயதில் இளைய மலை. இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பத்து மீட்டர் கெட்டிப் பாறை, அடுத்த பத்து மீட்டர் உடைந்த கல், அதற்கடுத்து சேறு என்று மாறிக்கொண்டே வரும். துளைக்கும் இயந்திரம் ஒரே அளவு வட்டமாகத்தான் வெட்டும். பாறை பிதுங்கி உள்ளே நெருக்கினால் இயந்திரமே சிக்கிக்கொள்ளும். உத்தராகண்டில் தபோவன்–விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்தில் 2009 டிசம்பரில் அப்படித்தான் ஆனது. இயந்திரம் பிளவுப் பகுதியில் மாட்டி, தண்ணீர் பீறிட்டது. இன்னொரு சிக்கல், அவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தச் சாலையே கிடையாது. இந்தத் திட்டத்துக்காக மட்டும் 215 கிலோமீட்டர் அணுகு சாலை போட்டார்கள். அதற்கு முன் சில இடங்களுக்கு ஆளும் சாமானும் கோவேறு கழுதை மேல்தான் போயின.

ஆகவே பெரும்பாலும் கை வேலை முறைதான். முகப்பில் துளை போட்டு, வெடி வைத்து, ஒன்றிரண்டு மீட்டர் முன்னேறுவார்கள். புகை அடங்கியதும் கல்லை அள்ளி வெளியே தள்ளி, திறந்த பாறை மேல் உடனே கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். நீண்ட இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் ஆணியாக இறக்கி, வளைவான இரும்புச் சட்டம் நிறுத்துவார்கள். அப்புறம் சுவரில் குறி வைத்து, அது தினமும் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே நகர்கிறது என்று அளப்பார்கள். நகர்வு நின்றால் அடுத்த சுற்று. நிற்காவிட்டால் கம்பியைக் கூட்டி, கான்கிரீட்டைத் தடிப்பாக்கிக் காத்திருக்க வேண்டும்.

இயந்திரம் அறவே முடியாது என்று சொல்லவில்லை. ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் பாதையில் தேவபிரயாக்–ஜனாசு இடையிலான 14.57 கிலோமீட்டர் சுரங்கத்தை இயந்திரம் வைத்தே துளைத்து 2025 ஏப்ரலில் மறுபக்கம் வந்துவிட்டார்கள். இடத்தைப் பொறுத்த விஷயம்.

வெறும் 3 கிலோமீட்டர் சுரங்கம் ஒண்ணுதான் எல்லாத்தையும் லேட் பண்ணுச்சுன்னு சொல்றது நிஜமா?

பெருமளவு நிஜம். காத்ராவுக்கு அருகே திரிகூட மலையடியில் உள்ள டி-1 சுரங்கம் 3.2 கிலோமீட்டர்தான். ஆனால் இமயமலையின் முக்கியமான எல்லைப் பிளவு அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அங்கே பாறை மாவாக அரைபட்டுக் கிடக்கிறது, அதில் தண்ணீர் ஊறி நிற்கிறது. மலைக்குள் போடும் எந்தச் சுரங்கமும் படுத்த வாக்கில் வெட்டிய கிணறுதான். சுற்றியுள்ள ஊற்றெல்லாம் அதைத் தேடி வந்துவிடும். இங்கே சேற்றோடு வந்தது. தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்து, தோண்டிய இடம் மூடிக்கொண்டது.

முன் பதிலில் சொன்ன வரிசையை இங்கே தலைகீழாக்கினார்கள். தோண்டிய பின் தாங்கல் கொடுப்பதற்குப் பதில், தோண்டும் முன்பே முகப்புக்கு மேலே குடை மாதிரி இரும்புக் குழாய்களை வரிசையாகச் செருகி, வேதிப் பசையைச் செலுத்தி மண்ணை இறுக்கி, தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் கொஞ்சமாக வெட்டினார்கள். 2023 டிசம்பரில்தான் இரு முனைகளும் சந்தித்தன. அதற்குள் செனாப் பாலம் தயாராகிக் காத்துக்கொண்டிருந்தது. பாலத்தைப் புகழ்கிற யாரும் டி-1 பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, பாலத்துக்கு வருவோம். ஐஃபல் கோபுரத்தைவிட உயரம்ங்கிறது உண்மையா?

ஆற்றுப் படுகையிலிருந்து தண்டவாளம் வரை 359 மீட்டர். ஐஃபல் கோபுரத்தைவிட அதிகம், சந்தேகமில்லை. ஆனால் ஆற்றுக்குள்ளிருந்து 359 மீட்டருக்குத் தூண் எழும்பி நிற்கவில்லை. பள்ளத்தின் இரு சரிவுகளிலும், ஒரு பக்கம் பக்கல், மறுபக்கம் கௌரி, கால் ஊன்றி 467 மீட்டர் அகலத்துக்கு ஓர் எஃகு வளைவு தாவுகிறது. அதன் மேல்தான் பாதை. மொத்த நீளம் 1,315 மீட்டர்.

ஏன் அவ்வளவு உயரம் என்றால், மறுபடியும் 80-க்கு 1 கணக்குதான். கீழே இறங்கி ஆற்றைக் கடந்தால், இறங்கிய உயரத்தை அந்தப் பக்கம் திரும்ப ஏற வேண்டும்.

நடுவுல முட்டுக் கொடுக்க இடமே இல்லாம அந்த வளைவை எப்படிக் கட்டினாங்க?

இரண்டு கரையிலும் உயரமான கோபுரம் நிறுத்தி, பள்ளத்தின் குறுக்கே கம்பி வடம் இழுத்து, அதில் ஓடும் கிரேன் அமைத்தார்கள். எஃகுத் துண்டுகளை அந்த மலைச் சாலைகளில் முழுசாகக் கொண்டுவர முடியாது. எனவே தகடாகக் கொண்டுவந்து, பாலத்தின் பக்கத்திலேயே பட்டறை போட்டு வெட்டி, பற்றவைத்தார்கள். கிரேன் ஒவ்வொரு துண்டாக எடுத்துப்போய் இரு கரையிலிருந்தும் வளைவை நீட்டிக்கொண்டே வந்தது. அது முன்பக்கம் சாய்ந்துவிடாமல் பின்னால் வடங்களால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் உச்சியில் 5.6 மீட்டர் நீளமுள்ள கடைசித் துண்டு உட்கார்ந்ததும்தான் அது வளைவானது. அதுவரைக்கும் அந்தரத்தில் தொங்கும் இரண்டு பாதிகள். மேல்தளத்தை இரு முனையிலிருந்தும் தள்ளிக்கொண்டே வந்து 2022 ஆகஸ்டில் சேர்த்தார்கள்.

எஃகைவிடக் கவலை தந்தது அது உட்காரும் பாறை. அங்குள்ள டோலமைட் பாறை முழுக்க விரிசல். தோண்டிப் பார்த்தால் வரைபடத்தில் இல்லாத பிளவுகளும் பொந்துகளும் வந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ஜி. மாதவி லதா பல ஆண்டுகள் இந்தச் சரிவுகளுக்கான ஆலோசகராக இருந்தார். முதலிலேயே எல்லாவற்றையும் தீர்மானிக்காமல், பாறை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப வடிவமைப்பை மாற்றிக்கொண்டே போனார்கள். நீண்ட கம்பிகளை இறக்கிச் சரிவைத் தைத்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

பக்கத்துல அஞ்சி பாலத்தை மட்டும் ஏன் வேற மாதிரி, கயிறு கட்டித் தொங்கவிட்டாங்க?

அங்கேயும் வளைவுதான் முதலில் திட்டம். வளைவு தன் பாரத்தை இரண்டு பக்கச் சரிவின் மேலும் சாய்வாக உதைக்கும். அஞ்சியின் சரிவு அந்த உதையைத் தாங்காது என்று பிறகு தெரிந்தது. எனவே 193 மீட்டர் உயர ஒற்றைக் கோபுரத்தை நிறுத்தி, 96 வடங்களால் பாலத்தைத் தாங்கவைத்தார்கள். பாரம் பெரும்பகுதி ஒரே அடித்தளத்தில் நேராகக் கீழே இறங்குகிறது. நீளம் 725 மீட்டர், கோபுர உச்சி ஆற்றுப் படுகையிலிருந்து 331 மீட்டர். செனாப் இல்லாவிட்டால் ஊரெல்லாம் இதைத்தான் பேசியிருக்கும்.

நிலநடுக்கம், புயல் காத்து எல்லாம் வந்தா என்ன ஆகும்?

ஆபத்து அதிகமுள்ள 4, 5-ஆம் நிலநடுக்க மண்டலங்களில்தான் பாதை போகிறது. 2005 அக்டோபரில் முசாபராபாத் பக்கம் 7.6 அளவில் குலுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். செனாப் பாலத்தை 5-ஆம் மண்டலத்துக்கான கடுமையான விதிகளின்படி வடிவமைத்தார்கள். மணிக்கு 266 கிலோமீட்டர் காற்றையும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் பாலம் தாங்கும் என்பதற்காக ரயிலை விடமாட்டார்கள். 90 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் சிக்னல் சிவப்புக்குப் போகும்.

சுரங்கம் நிலத்தோடு சேர்ந்து அசையும், அதனால் ஆட்டத்தில் தரைக்கு மேலுள்ள கட்டிடத்தைவிடப் பொதுவாகத் தப்பிக்கும். சுரங்க வாய்தான் பலவீனமான இடம். மேலே உள்ள சரிவு விழுந்து வாயை அடைத்துவிடலாம்.

சுரங்கத்துக்குள்ள ரயில் நின்னுட்டா? தீப்பிடிச்சா?

நீளமான சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே இணையாக இன்னொரு தப்பிக்கும் சுரங்கம் இருக்கிறது, இடையிடையே குறுக்கு வழிகளோடு. பீர் பஞ்சாலில் தண்டவாளத்தை ஒட்டியே மீட்பு வண்டி போக 3 மீட்டர் அகலச் சாலை. மின்சார இன்ஜின் என்பதால் டீசல் புகை இல்லை.

ரோடு மூடினாலும் ரயில் நிக்காதுன்னாங்களே. 2025 ஆகஸ்ட்ல நின்னுச்சே?

நின்றது உண்மை. ஆனால் எங்கே என்று பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் பெய்த பெருமழையில் அடிபட்டது ஜம்மு, கதுவா பக்கம், மலைக்குக் கீழே. அதனால் வெளியிலிருந்து வர வேண்டிய ரயில்கள் வாரக்கணக்கில் தடைபட்டன. அதே சமயம் நெடுஞ்சாலையும் நிலச்சரிவில் மூடிக்கிடந்தது, ஆப்பிள் லாரிகள் வரிசையாக நின்று பழம் அழுகியது. செப்டம்பர் நடுவில் புட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிள் ஏற்ற பார்சல் ரயில் விட்டார்கள்.

இந்தப் பாதையைச் சுற்றுலாவை வைத்து எடைபோடுவது தப்பு என்று நான் நினைப்பது அதனால்தான். 2025 ஆகஸ்டில் பஞ்சாபின் ரூப்நகரிலிருந்து சிமெண்ட் ஏற்றிய சரக்கு ரயில் அனந்த்நாக் வந்து சேர்ந்தது, அதுதான் முதல் தடவை. வந்தே பாரத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது அதற்குக் கிடைத்திருக்கலாம்.

கன்னியாகுமரில ஏறி ஸ்ரீநகர்ல இறங்கலாமா?

பாதை இருக்கிறது, ஒரே ரயிலாக இல்லை. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து காத்ரா வரை போகும். 2025-இல் திறந்தபோது செய்த ஏற்பாட்டின்படி அங்கே இறங்கி ஸ்ரீநகர் ரயிலுக்கு மாற வேண்டும். அதன்பின் மூன்று மணி நேரம்.

இவ்வளவு பண்ண முடியும்னா, கொடைக்கானலுக்கும் இதே மாதிரி அகல ரயில் விடலாமே?

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், கொடை ரோடு நிலையம் சுமார் 300 மீட்டர். ஏற வேண்டியது 1,800 மீட்டர். 80-க்கு 1 விகிதத்தில் 144 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும், அதே ஊருக்கு மலைச் சாலை சுமார் 80 கிலோமீட்டர்தான். காஷ்மீர் பாதைக்கு ஏறக்குறைய 43,780 கோடி ரூபாய் செலவானது, சராசரியாகக் கிலோமீட்டருக்கு 160 கோடி. பழனி மலை இமயமலையைவிடக் கெட்டியான பழைய பாறைதான், அதனால் தோண்டும் செலவு கணிசமாகக் குறையும். கிலோமீட்டருக்கான தொகையைப் பாதியாக வைத்துக்கொண்டாலும் 11,000 கோடியைத் தாண்டுகிறது. அங்கே ஆப்பிளும் சிமெண்டும் ராணுவமும் பாதைக்குச் சோறு போடுகின்றன. இங்கே கோடை சீசனும் வார இறுதிக் கூட்டமும் மட்டும்தான். அப்படியும் ரயிலே வேண்டும் என்றால் பல் சக்கரம் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போய், மணிக்கு 13 கிலோமீட்டர் சம்மதமா என்று யோசித்துப் பாருங்கள்.